செங்கமலத்தின் எண்ணப்படாத மூன்று ஆண்டுகள்

"மறுபடியும் முதல் வருஷமா? மூணு வருஷம் முழுசா..."

"சொல்றதைக் கேளும்மா, உன் மூணு வருஷத்தை நாங்க..."

"படிச்சு, பரீட்சை எழுதி, பாஸாகி..."

"...மனசார ஏத்துக்கிட்டோம். எண்ணிக்கையில சேர்க்கலை, அவ்வளவுதானே?"

இருகரை நாட்டுக்கு ஒரே மன்னர், நடுவே ஒரே ஆறு. கட்சியும் கல்லூரியும் மட்டும் கரைக்கு ஒன்று. வடகரைக் கல்லூரியின் கூரையை வெள்ளம் கொண்டுபோகவே, மாணவர்களைத் தென்கரைக்கு மாற்றியது அரசுதான். அப்படி வந்து, பிற கல்லூரிப் படிப்பை ஒப்பிட்டு ஏற்கும் ஒப்புநோக்கு அதிகாரி குலசேகரரிடம் வாதாடிக்கொண்டிருந்தவள் செங்கமலம். ஏரி மடை காக்கும் படிப்பில் அவளுக்கு இன்னும் ஓராண்டுதான் பாக்கி. பட்டத்தோடு போனால் சொந்த ஊர் ஏரிக்கு அவளே மடைக்காவலர். ஊரும் அந்த வேலையை அவளுக்காகக் காலியாக வைத்திருந்தது.

"ஆற்றோட்டம்னு ஒரு பாடம் முடிச்சிருக்கேன். அதையாவது சேர்த்துக்குங்க, ஐயா."

"அந்தக் கரையில நின்னா ஆறு வலமிருந்து இடமா ஓடும். இங்கே இடமிருந்து வலமா ஓடுது. பாடமே வேறம்மா."

"ஒரே ஆறுதானுங்களே. கொஞ்சம் திரும்பி நின்னு பாருங்க."

"அதிகாரி திரும்பி நிக்க விதியில இடமில்லை."

முதலாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பாடம் நடத்த வந்தவர், வடகரையிலிருந்து மாற்றலாகி வந்த அதே வாத்தியார்.

"வா செங்கமலம், நாம எங்க விட்டோம்?"

"எங்கயும் விடலீங்க சார். முடிச்சிட்டோம்."

மறு ஆண்டு ஓர் ஆணை வந்தது: ஓராண்டுக்கு முன் படித்தது எவருக்கும் நினைவிருக்காது, ஆகவே அதை மனசார ஏற்றுக்கொண்டதும்கூட ரத்து. அடுத்த ஆணை: தாமதிக்கும் மாணவர்கள் சுறுசுறுப்படையும் பொருட்டு, விடுதியில் அவர்களுக்குக் குழம்பு கிடையாது, ரசம் மட்டும். அப்படியும் வடகரை மாணவர் ஒருவரும் பட்டம் பெறாததால் மன்னர் குழு அமைத்தார். மாணவர்களுக்குக் கல்லூரியைப் பிரிய மனமில்லை என்று குழு கண்டுபிடித்துச் சொன்னது. மன்னர் நெகிழ்ந்துபோய்ப் படிப்பை இன்னும் ஓராண்டு நீட்டித்தார்.

இதற்குள் ஊர் ஏரி இரண்டு முறை உடைந்துவிட்டது. "ஐப்பசிக்குள்ள வந்துடு கண்ணு. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று ஊரார் சொல்லியனுப்பினார்கள்.

ஐப்பசியும் பிறந்தது. புதிய கல்வி மந்திரி பராங்குசனார் கல்லூரிக்கு வருகை தந்தார். குலசேகரர் வரவேற்புரை வாசித்தார்.

"மாண்புமிகு மந்திரி அவர்கள் இன்று காலைதான் ஆற்றைக் கடந்து நம் கட்சிக்கு வந்தார்கள். வடகரைக் கட்சியில் அவர்கள் ஆற்றிய பன்னிரண்டாண்டு மக்கள் பணி, ஒரு நாளும் குறையாமல் இங்கே எண்ணிக்கொள்ளப்பட்டதால், பணிமூப்பின்படி மதியமே மந்திரியானார்கள்."

எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் செங்கமலம். மந்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளை அருகே அழைத்தார்.

"என்னம்மா, உனக்கு ஏதாவது குறை உண்டா?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா. உங்க பன்னிரண்டு வருஷத்தை எந்த ஜன்னல்ல கொடுத்தீங்கன்னு சொன்னா, நானும் அங்கேயே போய் நின்னுக்குவேன்."