திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள்

"நாம எல்லாருக்காகவும் கத்துறோம். நமக்காக யாரு கத்துவாங்க?"

கென்ட்ரா ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. முன்பல் இரண்டும் விழுந்த வாய். கையில் தலையை விடப் பெரிய பாம்பாம் என்ற காகிதக் குஞ்சம். ஆட்டத்தில் ஊர் அணிக்காகக் கத்தி ஆடும் சியர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் க்ராஃப் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மைதானத்தின் கடைசி வரிசையில் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த கணவர் வென்டெலைக் கை காட்டினாள்.

"அதோ, அவரு கத்துவாரு."

வென்டெல் கத்தவில்லை. தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு வைத்தார். அதற்குப் பிறகு வந்த அத்தனை இலையுதிர் காலங்களிலும் அவர் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குத் தவறாமல் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார், தொப்பியைத் தொட்டார், வீட்டுக்குப் போனார். தானியக் கிடங்கில் முப்பது வருஷம் எடை போட்ட மனிதர். அங்கே சோளம் பேசாது, லாரி பேசாது, இவருக்கும் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டிஸ் பேசிவிடுவாள்.

அந்த ஆர்டிஸ் போன ஜனவரியில் இறந்துபோனாள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையையே பனிப்புயல் மூடியிருந்த வாரம் அது. சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. அடக்கத்துக்கு வந்தது பாதிரியாரும் அவர் மனைவி லவோனும், பக்கத்து வீட்டு டுவெயினும், பனி தள்ளும் வண்டியை ஓட்டியவரும் மட்டும்தான். அவர்கள் ஊரான கிளியர்ஃபோர்க்கில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சாயங்காலத்துக்குள் சமையல் மேடை நிறைய, மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு வந்துவிடும். அந்த முறை ஒன்றுகூட வரவில்லை. பனி கரைந்தபோது மார்ச் மாதம். மார்ச்சில் போய் ஜனவரிச் சாவுக்கு யார் நூடுல்ஸ் கொண்டுபோவது? வென்டெலை எதிரே பார்த்தால் ஊரார் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வென்டெலும் யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அலமாரியைத் திறந்தபோது ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. 'அடுத்த வருஷத்துக்கு' என்று ஆர்டிஸின் கையெழுத்து. உள்ளே, கறுப்பும் தங்க நிறமுமாகத் தைத்து முடித்த, சியர் பிள்ளைகளுக்கான தலை ரிப்பன்கள். போன வருஷமே உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

வென்டெல் ஒவ்வொரு ரிப்பனாக எடுத்து மடித்துத் திரும்ப வைத்தார். பிறகு மாவட்ட விளையாட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டார். மாதக் கடைசிக்குள் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் சியர் குழு உண்டு, இல்லையென்றால் கிளியர்ஃபோர்க்கின் பெயரை அடித்துவிடுவோம், அடித்தால் மறுபடி சேர்ப்பது கஷ்டம் என்றார்கள்.

ஆர்டிஸ் ஒவ்வொரு வருஷமும் வீடு வீடாகப் போவாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து காபி குடித்து, தாயிடம் பேசி, பிள்ளையின் முதுகில் தட்டி, பெயரை எழுதிக்கொண்டு வருவாள். வென்டெலுக்கு ஒரு கதவைத் தட்டுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் குழுவில் சேரும் பிள்ளைகளின் பெயரை எழுதச் சொல்லி, தபால் ஆபீஸ் சுவரில் ஒரு அறிவிப்பை ஒட்டினார். கிடங்கில் எடைச்சீட்டு எழுதிப் பழகிய எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு மூக்கை ஒட்டினால்தான் படிக்க முடியும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அதில் ஒரு பெயரும் ஏறவில்லை.

சரி, கடவுளிடமே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவர்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில், ஜெபத் தேவை உள்ளவர்கள் எழுந்து சொல்வது வழக்கம். வென்டெல் தன் வாழ்நாளில் முதன்முறையாக எழுந்தார். அத்தனை பெஞ்சும் திரும்பிப் பார்த்தது. சொல்ல வேண்டியதை வீட்டில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தார். எழுந்ததும் அதில் பாதி எங்கோ போய்விட்டது.

"மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள எதுவும் நடக்கலன்னா... முடிஞ்சுது. ஆர்டிஸ் போன மாதிரிதான். ஜெபம் பண்ணிக்கோங்க."

உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் சியர் குழு என்ற வார்த்தையே வாயில் வரவில்லை என்பது உறைத்தது. மறுபடி எழுந்திருக்கலாம். ஆனால் அதற்குள் பாதிரியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார், கோயிலே கண்ணை மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் வாசற்படியில் முதல் பாத்திரம் இருந்தது. டூனா மீனும் நூடுல்ஸும் வேகவைத்தது. திங்கட்கிழமை கோழியும் சோறும், பன்றித் தொடைக்கறி, பச்சை ஜெல்லிக்குள் கேரட் துருவல். செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது பாத்திரத்தைத் தாண்டித்தான் வெளியே கால் வைக்க முடிந்தது. கொண்டுவந்தவர்கள் யாரும் நின்று பேசவில்லை. நேரில் மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு பேரும் தணிந்த குரலில் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: பாத்திரத்துக்கு அவசரமில்லை, ஆனால் நீங்களே கொண்டுவந்து கொடுங்கள்.

டுவெயின் முள்கரண்டியோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, எதற்கும் தயக்கமும் இல்லை.

"நான் செத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுட்டாங்கப்பா" என்றார் வென்டெல்.

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. இந்தக் கோழி நல்லா இருக்கு."

"நீ ஒண்ணும் கொண்டுவரலயே?"

டுவெயின் முகம் சுருங்கியது. "அதைப் பத்திக் கேக்காத" என்று ஜெல்லியை இழுத்து வைத்துக்கொண்டார்.

விஷயத்தை நேராக்கிவிட வேண்டும் என்று வென்டெல் மறுநாள் காபிக் கடைக்குப் போனார். அவர் நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றி, "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

அப்படி நடுவில் நின்று சொல்பவர்கள் நல்லபடியாக இருந்ததில்லை. கடைக்காரி அவர் தோளைத் தொட்டு, ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டாள். உங்களுக்குத் தோன்றும்போது எதுவாக இருந்தாலும் முழுசாகச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்றாள். முழுசாக என்ற சொல்லைக் கேட்டதும் வென்டெலின் பார்வை கதவுக்குப் போனது. காபியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு வெளியேறினார். அன்றைக்கு மேலும் நான்கு பாத்திரங்கள் வந்தன.

வாயால் முடியாததை உடம்பால் காட்டிவிடலாம் என்று அடுத்து ஒரு யோசனை. சாகப்போகிற ஆள் குதிப்பானா? ஆர்டிஸின் பாம்பாம்களை எடுத்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி முன்பக்கப் புல்வெளியில் நின்றார். வருஷக்கணக்காகக் கடைசி வரிசையிலிருந்து பார்த்ததால் அசைவுகள் எல்லாம் மனப்பாடம். வலக்கை மேலே, இடக்கை மேலே, ஒரு சுற்று, ஒரு குதி. மனதுக்குத் தெரிந்த குதி முழங்காலுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பாம்பாமும் ஆகாயத்தில் இருக்க, வென்டெல் புல்லில் கிடந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கைத்தடியோடு கோயிலுக்குள் வந்தபோது ஒரு பெஞ்சு முழுவதும் எழுந்து இடம் விட்டது.

இப்போது பாத்திரங்களை என்ன செய்வது? குளிர்பெட்டி மூடவில்லை. டுவெயினும் தின்று தின்று பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டார். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருந்தது: ஹோல்ம்பெர்க், வாவ்ரா, ஷுல்ட்... கழுவித் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது அந்த ஊரில் திருட்டுக்கு ஒரு படி கீழே. அதிலும் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஆர்டிஸ் இருந்தால் நாலு பிஸ்கட்டாவது வைத்து அனுப்புவாள். வென்டெலுக்கு முட்டை மட்டும்தான் வேகவைக்கத் தெரியும்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அட்டைப்பெட்டி மேசைமேல் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒன்றிரண்டு ரிப்பனை வைத்து மூடினார்.

ஹோல்ம்பெர்க் வீட்டுக் கதவுக்கு முன்னால் அவர் நின்ற நேரத்தில் ஒரு வயலையே உழுதிருக்கலாம். ஆனால் கையில் அடுத்தவர் பாத்திரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? தட்டினார். அந்த அம்மாள் மூடியைத் திறந்தாள், ரிப்பனைப் பார்த்தாள், ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வென்டெலுக்கு அப்போதுதான் புரிந்தது: போகிற மனிதன் மனைவியின் பொருட்களைப் பங்கு போடுகிறான் என்று நினைத்துவிட்டாள். இனி எப்படி விளக்குவது? "சனிக்கிழமை, ஊர் ஹாலுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு இறங்கினார். அது கடைசியாக வந்து பார்க்கச் சொல்வதுபோல இன்னும் மோசமாகக் கேட்டது என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

வாவ்ரா வீட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். ஷுல்ட் வீட்டில் காபி வாங்கிக்கொண்டார். எல்லாரும் கடமைபோல நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், எல்லாரும் அவர் பேசக் காத்திருந்தார்கள்.

கென்ட்ராவின் வீடு கடைசி. முன்பல் விழுந்த பிள்ளை இப்போது அம்மா. அவள் மகள் பிரின்லி சமையலறை மேசைக்குக் கீழே நாயோடு படுத்திருந்தாள்.

"நான் சாகப்போறதில்ல" என்று ஆரம்பித்தார் வென்டெல்.

"சரி, மிஸ்டர் க்ராஃப்."

"நான் சொல்ல வந்தது வேற."

"அப்போ அதைச் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க. எனக்கு எந்த வேலையும் இல்ல."

அவர் சொன்னார். பெட்டியைப் பற்றி, அதன்மேல் இருந்த கையெழுத்தைப் பற்றி. ரிப்பன்கள் ஒரு பிள்ளையின் தலையிலாவது ஏறாமல் போனால் ஆர்டிஸைத் தான் ஒழுங்காக வழியனுப்பவில்லை என்று ஆகிவிடும் என்பதைப் பற்றி. பனியைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் பாட ஆள் இல்லாமல் பாதிரியார் தனியாகப் பாடினார் என்றார். ஜனவரிக்குப் பிறகு அவர் பேசியதில் அதுதான் நீளம். காபி ஆறிப்போயிருந்தது.

கென்ட்ரா பாத்திரத்திலிருந்து ரிப்பனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "பாக்கலாம், மிஸ்டர் க்ராஃப்" என்றாள்.

பாக்கலாம் என்பதற்கு அந்த ஊரில் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

சனிக்கிழமை அவர் ஹாலைத் திறந்து, பெருக்கி, நாற்காலிகளை ஓரமாக வரிசை வரிசையாக வைத்தார். குறித்த நேரம் வந்தது. யாரும் இல்லை. வென்டெல் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். ஆண்டவரே, என்னால் முடிந்ததைச் செய்தேன், அது கொஞ்சம்தான் என்பது உமக்கும் தெரியும் என்று மனதுக்குள் சொன்னார்.

கதவு திறந்தது. தலையில் கறுப்பும் தங்கமுமாக ரிப்பனோடு ஹோல்ம்பெர்க் வீட்டு இரட்டையர் வந்தார்கள். பின்னால் வாவ்ராவின் பெண். ஷுல்ட் வீட்டிலிருந்து ஒரு பையன். ரிப்பனைக் கையில் கட்டியிருந்தான், முறைத்துப் பார்த்தான், யாராவது சிரிக்கிறார்களா என்று. அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். பத்தைத் தாண்டியதும் வென்டெல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

வலக்கை மேலே என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் தூக்கினார்கள். குதியை மட்டும் வாயால் சொல்லிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து பெரியவர்கள் வெளியே வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரின்லி பாம்பாம்களைப் பெட்டியில் அடுக்க உதவினாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடும்மா" என்றார் வென்டெல். "ஊர்ல எல்லாரும் எனக்கு ஏதோ வியாதின்னு நெனச்சு சமைச்சுப் போட்டாங்க. எனக்குக் கூச்சமா இருக்கு. ஏமாத்தினாப்ல ஆயிடுச்சு."

பிரின்லி அவரை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"வியாதின்னு யாரும் நெனக்கல, கோச். நீங்க தபால் ஆபீஸ்ல ஒட்டினதை எல்லாரும் அன்னிக்கே படிச்சாச்சு. பனியில கொண்டுவர முடியாமப் போன சாப்பாடு அது. அப்புறம், கையில பாத்திரம் இருந்தாத்தான் நீங்க கதவைத் தட்டுவீங்கன்னு பாதிரியார் வீட்டு லவோன் ஆன்ட்டி சொன்னாங்க. அதனாலதான் பிள்ளைங்க இருக்கற வீட்லேருந்து மட்டும் வந்துச்சு. டுவெயின் தாத்தா தன்னைச் சேத்துக்கலன்னு ரொம்பக் கோவிச்சுக்கிட்டாரு."

வெளியே கென்ட்ரா ஹார்ன் அடித்தாள். பிரின்லி ஓடிப்போனாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின; சத்தம் சோளக்காட்டுப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

வென்டெல் கதவைப் பூட்டப் போனவர் பூட்டவில்லை. உள்பக்கமாகச் சாத்திக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கு நொண்டிக்கொண்டே நடந்து போய் நின்று, இத்தனை வருஷமும் தராமல் வைத்திருந்த கத்தலை ஆர்டிஸ் என்ற ஒரே பெயராக, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.