நடுவில் உட்கார்ந்த மாப்பிள்ளை

அன்று முற்றத்தில் இருந்தவர்கள்: என் பெரிய மச்சான், சின்ன மச்சான், ஆளுக்கு ஆறு கூலியாட்கள், என் மனைவி செல்லம், அப்புறம் கிணற்றுச் சுவர்மேல் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பயப்படுவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதவன்.

ஐம்பதுகளின் கடைசி. தீபாவளி சீசனுக்குப் பட்டாசு லேபிள் அடிக்கலாமென்று, திருத்தங்கல் வீட்டை அடமானம் வைத்து மச்சான்கள் இருவரும் ஒரு பழைய அச்சு மெஷின் வாங்கியிருந்தார்கள். கிணற்றுக்கு இடப்பக்கம் பெரியவர் கொட்டகை, வலப்பக்கம் சின்னவர் கொட்டகை. மெஷினைக் கிணற்றுக்கு நேர் எதிரே, வாசல் பக்கம் லாரியிலிருந்து பலகைமேல் இறக்கிய பிறகுதான், எந்தக் கொட்டகைக்கு என்று சண்டை வந்தது.

"நீங்களே சொல்லுங்க மாப்ள" என்றார் பெரியவர்.

யாரைப் பகைத்துக்கொள்வது? (அன்று ராத்திரி அங்கேதானே சாப்பாடு!)

"ஆளுக்கொரு கயிறு கட்டி இழுங்க மச்சான். எந்தப் பக்கம் வருதோ, அங்கன இருக்கட்டும்."

எப்படியும் ஒரு பக்கம்தானே போகும்? நடுவே இருப்பதுதான் பத்திரம் என்று கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன்.

முற்றத்தில் தண்ணீர் ஊற்றி வழுக்கலாக்கியிருந்தார்கள். இழுத்தார்கள். மெஷின் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. நேராக என்னைப் பார்த்து வந்தது.

"மச்சான்! கெணறு! கயித்த விடுங்க!"

"அவன விடச் சொல்லுங்க மாப்ள! நான் விட்டா அவன் பக்கம்லா போயிரும்!" என்றார் பெரியவர்.

"அண்ணன் மொதல்ல விடட்டும்!" என்றார் சின்னவர்.

"ஏலே, நம்ம வீடே கெணத்துக்குள்ள போகுதுலே!"

"அப்ப நீங்க விடுங்க!"

இருவரும் இன்னும் வேகமாக இழுத்தார்கள். பலகை உரசும் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது.

"ஏங்க, என்ன பாத்துக்கிட்டு இருக்கீக? குதிங்க!" என்று அலறினாள் செல்லம்.

எந்தப் பக்கம் குதிப்பது? இடப்பக்கம் குதித்தால் பெரியவர் கட்சி, வலப்பக்கம் குதித்தால் சின்னவர் கட்சி. யோசித்து முடிப்பதற்குள் பின்பக்கமாகக் கிணற்றுக்குள் விழுந்தேன்.

தொம்மென்று சத்தம் கேட்டதும் இரண்டு கயிறும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. "மாப்ள!" என்று மச்சான்கள் ஓடிவந்தார்கள். மெஷின் சுவரில் மூக்கை முட்டி நின்றது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

அதன்பிறகு மெஷினை நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை. அங்கேயே புதுக்கொட்டகை போட்டு, அந்த சீசன் லேபிள் முழுக்க அங்கேதான் அடித்தார்கள்.

பல வருடம் கழித்து என் மகள் பள்ளியில் தொகுபயன் விசை படித்துவிட்டு வந்தாள். இரண்டு பக்கமும் சாய்வாகச் சம பலத்தில் இழுத்தால் பொருள் நடுவே போகுமாம். நோட்டில் இரண்டு அம்புக்குறி, இடையே ஒரு கோடு. கோட்டின் நுனியில் வேட்டி கட்டிய ஒரு குட்டி மனிதன்.

"இதையும் வாத்தியாரா போட்டாரு?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அம்மா போட்டது."