இரண்டு கிலோ முந்நூறு கிராம் சைக்கிள் உடுப்பு

அன்பும் பொறுமையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

பெரிய சகலை எழுதிக்கொள்வது. நீங்களும் என் மைத்துனியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மனைவியின் அக்கா, அதாவது என் மனைவி, சௌக்கியம். நான் காலை எட்டு மணிக்குமேல், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தபின், சௌக்கியம்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் கூடத்தில் போனை எடுத்தால் சமையலறையில் மிக்ஸி நின்றுவிடுகிறது. அதனால் நான் வேலை பார்க்கும் லாரி எடை மேடை அறையில் உட்கார்ந்து, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே இதை எழுதுகிறேன். கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் அது பாரம் ஏற்றிய வண்டி மேடை ஏறிய நேரம் என்று கொள்ளவும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் எனக்கு மூன்று மாதம் கெடு வைத்திருக்கிறார். "தினமும் அஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுங்க. சர்க்கரை இறங்கலன்னா அப்புறம் ஊசிதான், தினமும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை, பயம் பயம்தான். கெடுவில் நாற்பது நாள் போய்விட்டது. நான் சைக்கிள் ஓட்டியது பதினொரு நாள். மீதி நாட்களை இந்த உடுப்பு தின்றுவிட்டது.

மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது இந்த ஊசிக் கதையை நான் சொல்ல, "நானும் எங்க ஊர்ல அதே நேரத்துக்கு ஓட்டுறேன் அண்ணே, உங்களுக்குத் துணைக்கு" என்றீர்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. அதைக் கேட்டு மனம் குளிர்ந்த மாமியார், மறுநாளே கடைக்குப் போய் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சைக்கிள் உடுப்பு வாங்கி வந்தார். கிளம்புகிற அன்று கூடத்து மேசையில் ஒரே மாதிரி இரண்டு நீலப் பைகள் இருந்தன. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பை நல்ல கனம். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

வீட்டில் வந்து திறந்தால், உள்ளே கம்பளி வைத்துத் தைத்த ஜாக்கெட், உள்பக்கம் பூனைக்குட்டி மாதிரி ரோமமுள்ள ட்ராக் பேண்ட், விரல் மூடிய கையுறை, காதுவரை இழுக்கிற குல்லாய், கழுத்துப்பட்டி. எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. அதே சமயம், குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிற உங்கள் மலையூரில், நீங்கள் வலைத்துணி டி-ஷர்ட்டும் முட்டிக்கு மேல் நிற்கிற அரைக்கால் சட்டையுமாக ஓட்டுகிறீர்கள் என்று அக்கா தங்கை போன் பேச்சில் போன வாரம்தான் என் காதில் விழுந்தது. நூலகத்துப் பழைய நாளிதழ்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறீர்களாமே. நூலகருக்கு அந்த ஒரு வசதி இருக்கிறது.

மாமியாரைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டே இரண்டு மாப்பிள்ளைகள், அதில் எவன் வெயிலில் வேகிறான், எவன் குளிரில் நடுங்குகிறான் என்பதுகூடவா ஒரு பெரிய மனுஷிக்கு மறந்துபோகும்? கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்று என்றுதான் சொன்னார்கள். உங்களுடையது தேதி காட்டும். என்னுடையது காட்டாது. இதை நான் பெரிதுபடுத்தவே இல்லை. பத்தொன்பது வருடம் ஆகிறது.

முதல் நாள் பாதி வழியிலேயே கண் இருட்டியது. பணம் எடுக்கும் இயந்திர அறையில் ஏசி இருக்குமே என்று உள்ளே போய் நின்றேன். குல்லாயும் கழுத்துப்பட்டியுமாக எனக்குக் கண் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. காவலாளி தடியோடு வந்து, "யாருய்யா அது, கைய மேல தூக்கு" என்றார். தூக்கினேன். முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "அட, பக்கத்துத் தெரு சாரா! வீட்டுல ஏதாவது கஷ்டம்னா சொல்லியிருக்கலாமே" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். நான்காம் நாள் ஜாக்கெட்டின் ஜிப் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டது. அப்படியே வேலைக்கு வந்தேன். நம் எடை மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். ஒரு ஆர்வத்தில் ஏறி நின்றேன். வழக்கமாக எண்பது காட்டும், அன்று நூறு காட்டியது. வரிசையில் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "ஓவர்லோடுண்ணே, கொஞ்சம் இறக்கிட்டு வாங்க" என்றான். கடைசியில் முனைக்கடைத் தையல்காரர் வந்து கத்தரியால் ஜிப்பைப் பிளந்து என்னை வெளியே எடுத்தார்.

சரி, இது வேண்டாம் என்று பழைய பேண்ட்டோடு போனேன். பேண்ட் காலைச் செயின் கவ்வியது. நான் பெடலை மிதிக்க மிதிக்க அது இன்னும் ஆசையாகத் தின்றது. சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் கவ்விய துணியை வெட்டி எடுத்துவிட்டு, நான் சொன்ன ஜாக்கெட் கதையையும் கேட்டுவிட்டு, "சார், வெயில்ல ஓட்டுறவங்க காத்து உள்ள போற மாதிரி போடணும். குளிர்ல ஓட்டுறவங்க காத்து உள்ள போகாத மாதிரி போடணும். நீங்க மட்டும்தான் ஆவி வெளிய போகாத மாதிரி போட்டிருக்கீங்க" என்றார். வீட்டுக்கு ஒன்றரைக் கால் பேண்ட்டோடு வந்தால், "எங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தது கொடியில தொங்குது, போட்டுப் போறதுக்கென்ன?" என்று உங்கள் மனைவியின் அக்கா ஆரம்பித்தாள். மாமியாரோ சாயங்காலமானால் போனில், "துணி வசதியா இருக்கா மாப்ள?" என்று கேட்கிறார். "ரொம்ப வசதி அத்தை" என்கிறேன். வேறு என்ன சொல்வது?

ஆகவே என் யோசனை இதுதான். என் உடுப்பைப் பார்சல் கட்டி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஜிப் புதிதாக வைத்தாகிவிட்டது, இரண்டு முறை துவைத்தும் ஆயிற்று. உங்களுடையதை எனக்கு அனுப்புங்கள். அக்கா தங்கை இருவருக்கும் தெரிய வேண்டாம். மாமியார் செய்த குழப்பத்தை நாம் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வோம், பெரியவர் மனம் நோகக் கூடாது.

மைத்துனிக்கு என் அன்பு. உங்கள் குடும்பம் சகல நலமும் பெற்று, ஊசி மருந்து எதுவும் அண்டாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வியர்த்தபடி,
பெரிய சகலை

பின்குறிப்பு: பார்சலுக்காக ஜாக்கெட்டை மடித்தபோது உள்பையில் ஒரு சீட்டு கிடைத்தது. சின்னப் பாலிதீன் உறைக்குள் இருந்ததால் இரண்டு துவைப்புக்கும் தப்பி, ஊக்கு குத்தியபடி இருந்தது. மாமியார் கையெழுத்து. "சின்ன மாப்பிள்ளைக்கு" என்று எழுதியிருந்தது.

மேலே "என் பை" என்று எழுதியிருப்பது அவ்வளவு சரியல்ல. அன்று நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டு பைகளையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். முப்பது வருடம் எடை போட்ட ஆளின் கை. ஒன்று எழுநூறு கிராம், மற்றது இரண்டு கிலோ முந்நூறு. கடிகாரம் ஞாபகம் வந்தது. கனமானதை எடுத்துக்கொண்டேன். மாமியாரைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

மதியம் வீட்டுக்குப் போய்ச் சீட்டைக் காட்டினேன். உங்கள் மனைவியின் அக்கா உடனே தங்கைக்குப் போன் போட்டாள். மைத்துனி சொன்னது கூடம்வரை கேட்டது: "இவருக்கு அன்னிக்கே தெரியும்க்கா. இவர் பையில 'பெரிய மாப்பிள்ளைக்கு'ன்னு சீட்டு இருந்துச்சு. 'அண்ணன் ஆசையா எடுத்துட்டுப் போயிட்டாரு, கேட்டா சங்கடப்படுவாரு, விடு'ன்னுட்டாரு." நாற்பது நாளும் ஒரு நாள் விடாமல் நீங்கள் ஓட்டினீர்களாம், சட்டைக்குள் நாளிதழோடு.

எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. பார்சலை இன்றே அனுப்புகிறேன். உங்களுடையதை மெதுவாக அனுப்புங்கள், நாளைக் காலை ஆறு மணிக்கு நான் பழைய பனியனோடு கிளம்பிவிடுவேன். இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. உங்கள் கடிகாரத்தில்தான் தேதி காட்டும். நீங்களே எண்ணிச் சொல்லிக்கொண்டு வாருங்கள்.