அம்பத்தூருக்கு சிங்கப்பூர் வழி

வீடு வாங்குகிறவன் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பான். சுவரில் அடித்த பெயின்டை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டியவன் நான். (வாங்கியது வீடல்ல, சர்வர். முட்டாள்தனம் ஒன்றுதான்.)

என் மனைவி கல்பனா பாட்டு டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் வகுப்பு எடுக்கப்போவதாகச் சொன்னதும், பருத்திப்பட்டில் எங்கள் அடுக்குமாடியிலேயே பன்னிரண்டு வீடுகள் பெயர் கொடுத்தன. ஞாயிறு காலை மாதிரி வகுப்பு. பிடித்தால்தான் சேர்வார்கள்.

"ஊரெல்லாம் வெச்சிருக்கிற ஆப்பே போதுங்க" என்றாள். வீடியோ பார்த்தே கம்ப்யூட்டர் கற்றவன் சும்மா இருப்பானா? "நமக்கே நமக்குன்னு சர்வர் வெச்சுத் தர்றேன்" என்றேன்.

அலசியதில் சர்வர் தரும் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. மும்பையில் சர்வர் வைத்திருந்தவர், "டெஸ்ட் அட்ரஸ் தர்றேன், உங்க வீட்டு நெட்லேர்ந்து ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க" என்றார். (தன் சரக்கில் நம்பிக்கையில்லாதவர் என்று முடிவுகட்டினேன்.)

இன்னொன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில். பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கட்டடத்தைச் சுற்றிவந்தேன். காம்பவுண்டு சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

"இன்னா சார், இடம் பாக்க வந்தியா?" என்றார் வாட்ச்மேன்.

"உள்ளே ஏசி ஓடுதா?"

"ராப்பகலா ஓடிக்கினுதான் கீது."

மனம் நிறைந்து, அங்கேயே பணம் கட்டிவிட்டேன். கூப்பிடு தூரத்தில் சர்வர், இனி என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை. கல்பனா பட்டுப்புடவையில் உட்கார்ந்து 'ஸ' பிடித்தாள். அது பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் 'ரி'க்கு வந்தபோது பிள்ளைகளின் 'ஸ' துண்டுதுண்டாகத் திரும்பி வந்தது. அப்புறம் வாய் திறந்தபடி உறைந்துபோனாள். (திரையில்தான். நேரில் உறைந்தது நான்.) பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அம்மா எழுதினார்: "டீச்சர் கொட்டாவி விடறாங்களே, தூங்கலையா?" கால் மணி நேரத்தில் ஒன்பது வீடுகள் கழன்றுகொண்டன.

எங்கள் தெருவுக்கே நெட் கொடுக்கும் தனசேகரைக் கையோடு இழுத்துவந்து, "உன் லைன்தான் மோசம்" என்று பாய்ந்தேன். அவர் போனில் எதையோ தட்டி, பாட்டு போகும் வழியைக் காட்டினார்.

"லைன் நல்லாத்தான் கீது சார். இங்கேர்ந்து சிங்கப்பூர் போவுது, அங்கேர்ந்து திரும்பி அம்பத்தூர் வருது."

"அம்பத்தூருக்குப் போக எதுக்குய்யா சிங்கப்பூர்?"

"எனக்கு நெட் குடுக்கறவனுக்கும் அம்பத்தூர்காரனுக்குக் குடுக்கறவனுக்கும் இங்க பேச்சுவார்த்தை இல்ல. பங்காளிங்க மாதிரி. சிங்கப்பூர்லதான் பாத்துக்குவாங்க. அந்த வழியில இன்னிக்கு கும்பல் வேற."

"மும்பைக்கு?"

"அது நேரா போவுது. இங்கேர்ந்து ஒரு தபா தட்டிப் பாத்துட்டு வாங்கறதில்லையா?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் கைக்கு எட்டியதே காம்பவுண்டு சுவர் ஒன்றுதான்.

அன்று மாலையே வீட்டிலிருந்து சோதித்துப் பார்த்து மும்பைக்கு மாற்றினேன். குரல் கண்ணாடி மாதிரி வந்தது. பெருமையாகக் கல்பனாவைக் கூப்பிட்டேன். மிச்சமிருந்த மூன்று வீட்டுக்கும் அவள் அதற்குள் போன் போட்டு முடித்திருந்தாள்.

"நேர்லயே வரச் சொல்லிட்டேன். லிஃப்ட்ல அரை நிமிஷம். அந்த சோபாவை ஓரமா நகர்த்துங்க."

இப்போது வகுப்பில் இருபது பேர். ஹால் அவர்களுக்கு, லேப்டாப்போடு மாடிப்படி எனக்கு. உள்ளேயிருந்து "பிள்ளைங்களுக்குத் தண்ணி கொண்டாங்க" என்று குரல் வரும். நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுவதற்குள், பிள்ளைகளிடம் சொல்லும் அடுத்ததும் வந்துவிடும்:

"பொறுங்க, வந்துடுவாரு. சிங்கப்பூர் தாண்டிட்டாரு."