மார்கரெட்டின் நீலப் பூவும் மீன் கழுவின தண்ணீரும்

தோட்டத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தான் ஒருவனிடம் ஆலோசனை கேட்டால், 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. என் அப்பா தபாற்கந்தோரில் முத்திரை விற்றவர். (எங்கள் வளவில் நின்ற ஒரே மாமரமும் பக்கத்து வீட்டுக்காரருடையது. கிளை மட்டும்தான் எங்கள் பக்கம்.) கனடாவின் ஸ்காபரோவில் எங்களுக்குத் தன் வீட்டின் நிலத்தடி பேஸ்மெண்டை வாடகைக்குத் தந்திருந்த மார்கரெட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளில் ஓர் இலையுதிர்காலம். மார்கரெட் சின்ன உறையோடு படியிறங்கி வந்தார். மேற்கே மலை உச்சிகளில், பாறை இடுக்கில் பூக்கும் நீலக் காட்டுப்பூவின் விதைகள். காலமான கணவர் தன் கடைசி மலைப் பயணத்தில் பொறுக்கி வந்தவை. தனக்குக் கைராசி இல்லையாம், என்னால் முளைக்க வைக்க முடியுமா என்று கேட்டார்.

"உதென்ன பெரிய வேலையே?" என்றேன் மனைவி சாந்தியிடம்.

ஊரில் கத்தரிக்கன்றுக்குக் குளிர் ஆகாது. ஆகவே உலகத்தில் எந்தக் கன்றுக்கும் ஆகாது. விதைகளைப் போட்ட தொட்டியை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வைத்து, சாந்தியின் சால்வையால் சுற்றினேன். பசளைக்கு மீன் கழுவின தண்ணீர். வீடு முழுக்கப் பாரை மீன் நாற்றம். மார்கரெட், பாவம், மேலே ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஒருநாள் பச்சை தெரிந்தது. மார்கரெட் பார்த்துக் கண்கலங்கினார். ஒஷாவாவிலிருந்து தங்கையை வேறு வரவழைத்துவிட்டார். தங்கை குனிந்து, ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு, இது தக்காளி என்றார். மீன் கழுவின சட்டியில் சாந்தி தக்காளியும் கழுவியிருக்கிறாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. (ஏற்கெனவே பூமிக்குக் கீழேதான் இருந்தோம்.) பரவாயில்லை என்று சிரித்துவிட்டு மார்கரெட் மெல்லப் படியேறிப் போனார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உந்த நாத்தத்தை முதலிலை வெளியிலை வையுங்கோ," என்றாள் சாந்தி. வைத்தேன். தொட்டி பனிக்குள் புதைந்துபோனது.

பனி கரைந்த ஒரு காலை, மார்கரெட் கொல்லையில் நின்று என்னைக் கூப்பிட்டார். தக்காளி கருகிச் செத்திருந்தது. அதன் அடியில், யாரும் கேட்காமலே, பொடிப்பொடியாக வேறு இலைகள். ஒரு குளிர்காலம் முழுக்க உறையாமல் அந்த விதை கண் திறக்காதாம், தங்கை நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னார். நான்தான் அதைப் போர்த்திப் போர்த்தி மூச்சு முட்ட வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் நீலமாய்ப் பூத்தது. மார்கரெட் நாற்காலியைத் தூக்கிவந்து அதன் பக்கத்திலேயே இருந்து தேநீர் குடித்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

அந்தப் பூவின் பிள்ளைகள் இப்போது மில்லிக்கனில் எங்கள் சொந்த வீட்டிலும் வருடாவருடம் பூக்கின்றன. விருந்தாளிகளுக்கு நான் ஏதாவது ஆலோசனை சொல்லத் தொடங்கினால் போதும், சாந்தி எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து விடுவாள்.

"உவரைக் கொஞ்சநேரம் ஸ்னோவுக்குள்ளை விடுங்கோ. புத்தி முளைக்கும்."