ஃபேன் போடாத மாப்பிள்ளை

நெய்வேலி,
24.8.2015

திருவதிகை மச்சான் அய்யாசாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை அம்சவல்லியைக் கட்டிக்கொண்ட ஜெயராமன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, மகள் நந்தினி மூவரும் சுகம். அங்கு அக்காவின் முட்டிவலியும் புதுக் கறவை மாடும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போன் என்றால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவீர்கள். கடிதத்தை முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். விஷயம் இதுதான்: நந்தினிக்குப் பார்த்த குமரவேல் வேண்டாம் என்று போன வாரம் நான் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்குகிறேன். தாய்மாமன் நீங்கள் தட்டைத் தொடாமல் பரிசம் கிடையாது. அதனால் உங்கள் மனசும் மாறியாக வேண்டும்.

ஏன் வேண்டாம் என்றேன்? என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக மைன்ஸில் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டுக்கு வைத்தியம் பார்க்கும் ஃபிட்டர், குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு ஆணி அடிக்க வெளியாளைக் கூப்பிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். "கம்ப்ளெயிண்ட் எழுதிப் போட்டா ஆளு வந்து செஞ்சிட்டுப் போறாங்க, உங்களுக்கு ஏங்க இந்த வேல" என்று உங்கள் தங்கை தினம் பாடுவாள், நான் காதில் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட நான் அந்தப் பையனைப் பார்த்த அன்று கேட்டேன்: "வூட்ல பைப்பு ஒழுவுனா என்னா பண்ணுவீங்க தம்பி?" "தெரிஞ்ச ஆளக் கூப்புடுவேங்க மாமா." "ஃபேன் நின்னுட்டா?" "அதுக்கு வேற ஆளுங்க." எனக்கு வந்ததே கோபம்! அவனும் மைன்ஸில் பெல்ட் ஆப்பரேட்டர், பர்மனென்ட் வேறு. இந்தக் கையாலாகாதவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்றேன். நீங்களும் "விட்டுத் தள்ளுங்க" என்றீர்கள். நந்தினி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நேற்று ஞாயிறு பையன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக முன்பே பேசியிருந்ததால் தடுக்க வாய் வரவில்லை. சரி, சொஜ்ஜி பஜ்ஜி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். காலையில் பார்த்தால் பாத்ரூம் பல்பு எரியவில்லை. விட்டேனா? மெயின் ஸ்விட்சை அணைத்து, மைன்ஸ் வழக்கப்படி "ஆள் வேலையில், ஜெயராமன்" என்று எழுதி ஒரு டேக்கை அதில் தொங்கவிட்டேன். மாட்டியவன்தான் அதைக் கழற்றவேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. எங்கள் வீட்டுப் பல்லிக்குக்கூட இது தெரியும். ஹோல்டரைக் கழற்றி ஒயரைத் தொங்கவிட்டபோது தாழ்ப்பாள் ஆடுவது கண்ணில் பட்டது. கையோடு அதையும் பிரித்து மாட்டி, சரியாக விழுகிறதா பார்ப்போம் என்று உள்ளே நின்று சாத்தினேன். பிரமாதமாக விழுந்தது மச்சான், விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரோ வெளியே ஸ்டூல்மேல். கத்தினேன், கதவைத் தட்டினேன், எதிர் வீட்டுக் காதுகுத்துக்கு மைக் செட் அலறிக்கொண்டிருந்ததில் யாருக்குக் கேட்கும்?

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவனைக் காணோம். பிடிக்காத சம்பந்தம், மனுஷன் வேண்டுமென்றே டேக்கைத் தொங்கவிட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடிவிட்டார் என்றே உங்கள் தங்கை முடிவுகட்டிவிட்டாள். புழுக்கம் தாங்காமல் பையனின் அம்மா, "ஒக்கார வெச்சிட்டு ஃபேனும் போடல, அப்பனும் இல்ல, எழுந்திரிங்க போவலாம்" என்றாராம். அவரைச் சமாதானப்படுத்த பையனின் சித்தப்பா மெயினைப் போடக் கையைத் தூக்கினாராம். குமரவேல் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்திருக்கிறான். "சித்தப்பா, டேக் தொங்குது. இந்தப் பேருக்காரரு எங்கியோ வேல செஞ்சிகினு இருக்காரு. அவரக் கண்டுபுடிக்காம போடக்கூடாது."

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஈரத் தரையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, உச்சியில் சாத்திக் கிடந்த ஜன்னலைத் திறந்து கத்துவதற்காக இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். கையில் சிக்கியது அந்த மொட்டை ஒயர். மெயினைப் போட்டிருந்தால் இன்று உங்களுக்குக் கருப்பு ஓரம் போட்ட கார்டுதான் வந்திருக்கும்.

பையன் வீடு முழுக்கத் தேடி, ஸ்டூலைப் பார்த்து, கதவில் காதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். "ஒதைச்சி ஒடைங்க தம்பி" என்றேன். "ஒடைச்சா கதவு போயிடும், நீங்க பின்னாலயே நிக்கிறீங்க, அடிபட்டுரும். குள்ளஞ்சாவடி இன்னாசிராஜ் கார்பெண்டருக்குப் போன் பண்ணிட்டேன், சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வராராம்" என்றான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை லேசில் முடியுமா? முடியும்வரை கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தான். "ஏன் தம்பி, ஒரு வேலையும் கத்துக்கலியா?" என்று கேட்டேன். "கூட வேல செஞ்ச ஆளு ஒருத்தரு, பழக்கந்தானேன்னு ஓடுற பெல்ட்டுல கைய வுட்டாரு மாமா, கை போயிடுச்சி. அதுலருந்து தெரியாத வேலைல கை வைக்கிறதில்ல" என்றான். மச்சான், துறுதுறுவென்று எதையாவது பிரிக்கும் கைகள் ஆயிரம் உண்டு, என் கை உட்பட. கையை அடக்கத் தெரிந்தவனிடம்தான் பெண்ணைக் கொடுக்கவேண்டும். கதவு திறந்ததும் முதல் வேலையாக, "மாப்ள, ஃபேன் அப்புறம், மொதல்ல பலகாரம் சாப்புடுங்க" என்றேன். நந்தினி சிரித்தாள் பாருங்கள்!

ஆகவே வரும் ஞாயிறு பரிசம். தெரியாத வேலையில் கை வைக்காத தங்கமான பிள்ளை. இந்த வீட்டில் இனி எந்த ரிப்பேரானாலும் ஆளைக் கூப்பிடுவது என்று நானும் தீர்மானித்துவிட்டேன். தாய்மாமன் சீரோடு முன்னாடியே வந்து முன்னால் நில்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
ஜெயராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், நேற்றுப் பலகாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாப்பிள்ளை வந்தார். "எங்கப்பாவுக்குக் கையால வேல செய்யுற மாப்ளதான் புடிக்கும்" என்று நந்தினி காதில் ஓதியிருக்கிறாள். உடனே, நேற்று நான் ஒயருக்கு டேப் சுற்றி அப்படியே விட்டிருந்த அந்த பாத்ரூம் ஹோல்டரைத் தானே மாட்டுவதாக மெயினை அணைத்து, தன் பெயரில் டேக்கும் தொங்கவிட்டு, ஒயரைப் பிரித்துப் போட்ட கையோடு ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டார். டேக் தொங்குகிறது, நாங்கள் யாரும் தொடவில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். மேலே "தெரியாத வேலையில் கை வைக்காத" என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும், "தங்கமான பிள்ளை" இருக்கட்டும். வரும்போது பனை விசிறி ரெண்டு வேண்டும். எலக்ட்ரீஷியன் வேண்டாம், எனக்குக் கை துறுதுறுங்குது.