குறையில்லாத ஒழுங்கை

பதினோராவது வீட்டிலும் பூச்சியம்தான் விழுந்தது.

தில்லைநாதன் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தான். "அண்ணை, மழைக்குக் கூரை ஒழுகிறதில்லையோ?"

"ஒரு சொட்டு ஒழுகாது, தம்பி," என்றார் வீட்டுக்காரர் இளையதம்பி. அவர் தலைக்கு மேலே ஓலைக்குள்ளால் வெயில் மூன்று இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு?"

"மூண்டு நேரமும் சோறு. மிஞ்சிறது மாட்டுக்கு."

உள்ளேயிருந்து அவருடைய மகள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அது அவனுக்குப் பதினோராவது கோப்பி.

தில்லைநாதன் ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் சனிற்றரி இன்ஸ்பெக்டராகி நாலு மாதம். பண்டத்தரிப்பில் இந்த ஒரு சின்னத் தெருவில், இந்த ஒழுங்கையில் மட்டும் இரண்டு மாதத்துக்குள் மூன்று குழந்தைகள் வயிற்றோட்டத்தில் போயிருந்தன. "செத்தாப் பிறகு எண்ணி என்ன பிரயோசனம்? எங்கை என்ன இல்லையெண்டு முன்னுக்குப் பாரும்," என்று டொக்டர் கனிசியஸ் அவனிடம் ஒரு கட்டு அட்டை கொடுத்திருந்தார். கூரை, கிணறு, கக்கூசு, சாப்பாடு என்று வீட்டுக்கு இருபது கேள்வி. இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைப்புள்ளி. புள்ளி கூடிய ஒழுங்கைக்கு நேர்ஸும் புதுக்கிணறும்.

அன்று பின்னேரம் டொக்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"உம்மடை கணக்குப்படி இது கொழும்பிலை பணக்காரர் இருக்கிற கறுவாத்தோட்டம். வெள்ளிக்கிழமைக்குள்ளை சரியாய்க் கொண்டு வாரும். இல்லாட்டி நேர்ஸ் வேறை ஊருக்குப் போவா."

காக்கிச் சட்டைக்காரனிடம் இல்லாமையைச் சொல்லச் சனத்துக்கு வெட்கம் என்று தில்லைநாதன் நினைத்தான். அடுத்த நாள் கரை வேட்டி, சால்வை, திருநீற்றுப் பூச்சோடு போனான். முதல் நாள் ஒரு பசு நின்ற வீடுகளில் அன்றைக்கு இரண்டு நின்றன.

வாயை நம்பினால் சரிவராது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று புதன்கிழமை அடுப்படிகளுக்குள் நுழைந்தான். பிள்ளைகள் எத்தனை, வயது என்ன, பரம்பரை நோய், வருத்தம் ஏதும் உண்டோ என்றும் விசாரித்தான். வருத்தம் என்ற சொல்லையே அவர்கள் கேள்விப்பட்டதில்லையாம். எல்லா அடுப்படியிலும் ஒரு மூட்டை அரிசி. நாலாவது வீட்டில் இருக்கும்போது வேலி ஓட்டைக்குள்ளால் அதே மூட்டை ஐந்தாவது வீட்டுக்குப் போவதை அவன் கண்டான். பின்னால் சிவலைப் பசுவும் போனது.

"பொம்பிளையளோடை பொம்பிளைதான் கதைக்கோணும்," என்று வியாழக்கிழமை சாவகச்சேரியிலிருந்து தன் தாயார் ஞானாம்பிகையை வண்டி பிடித்துக் கூட்டிவந்தான். அவர் நல்ல சேலை உடுத்து வீடு வீடாகப் போய், பணியாரத்தால் வயிறு நிறைந்து திரும்பினார்.

"தங்கமான சனம், தம்பி. ஒருத்தருக்கும் ஒரு குறையில்லை."

பூச்சியத்துக்குக் கீழே போட அட்டையில் இடமில்லை. அன்றிரவு தில்லைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது குழந்தையின் பெயரைத் தானே எழுத வேண்டி வருமோ என்று பயந்தான்.

வெள்ளிக்கிழமை விடிய, ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் ஒரு குடிலில் புகை தெரிந்தது. பகலெல்லாம் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் சின்னத்தங்கத்தின் வீடு அது. இதுவரை அவள் அவன் கண்ணில் படவேயில்லை.

"அக்கா, கூரை ஒழுகுமோ?"

"ஒழுகிற இடத்துக்கெல்லாம் சட்டி பானை வைச்சுக் காணாது."

"கிணறு?"

"மண் விழுந்து தூந்து போச்சு. குளத்துத் தண்ணிதான்."

"சாப்பாடு?"

"ஒருநேரக் கூழ். அதுவும் வேலை இருந்தால்."

பென்சில் ஓடியது. இருபதுக்கு இருபது. தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மற்ற வீடுகள், அக்கா?"

"எல்லா வீடும் இதுதான். அரிசி கூட்டுறவுச் சங்கக்கடையிலை இரவல். பசு ரெண்டும் பக்கத்துத் தெருக் கதிரவேலு அண்ணையின்ரை. நாலு நாளாய் அதுகளுக்குப் படுக்க நேரமில்லை."

வீடு வீடாக அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கூட்டிப் பார்த்தபோது, வலிகாமப் பகுதியிலேயே இத்தனை புள்ளி எந்த ஒழுங்கைக்கும் இல்லை. நேர்ஸும் கிணறும் வந்த மாதிரித்தான்.

எழும்பும்போது கேட்டான். "ஒழுங்கை முழுக்கப் பொய் சொல்லிச்சுது. நீங்கள் மட்டும் எப்பிடி அக்கா உண்மையைச் சொன்னனீங்கள்?"

சின்னத்தங்கம் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு அஞ்சும் ஆம்பிளைப் பிள்ளையள், தம்பி. பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளைக்கு நான் என்னத்துக்குப் பொய் சொல்லுறது?"